செவ்வியல் பயிற்சி பெற்ற சேம்பர் குழு டாங்கோ வாசிக்கத் தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வயலின், செல்லோ, பியானோ, டபுள் பேஸ் ஆகியவற்றை மேற்கத்திய செவ்வியல் முறையில் கற்றவர்கள் அர்ஜென்டினாவின் நடன இசையான டாங்கோவை வாசிக்க உட்காரும்போது, கைத்திறன் போதாமல் தடுமாறுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். வழுக்கிச் செல்லும் சுரங்கள், வயலினில் எழும் கீறல் ஒலி, இஷ்டத்துக்கு நீளும் மெட்டு என்று காதைக் கவர்வனவற்றை முதலில் பிடித்துக்கொண்டு, அவற்றையெல்லாம் தாங்க வேண்டிய தாள அடித்தளத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான வரிசையில், கீழிருந்து மேலாகச் செல்கிறது. ஒரு படி குழு முழுவதற்கும் கைவந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

பியானோவும் டபுள் பேஸும் கட்டாயம். அவற்றுடன் மெட்டு வாசிக்க இரண்டு கருவிகளாவது வேண்டும். மரபான டாங்கோ இசைக்குழுவில் முரசு வகை எதுவும் கிடையாது என்பதால், அந்த வேலை முழுவதும் டபுள் பேஸின் மீதும் பியானோக்காரரின் இடது கையின் மீதும் விழுகிறது. பேஸ் இல்லாமல் வயலின், செல்லோ, பியானோ மூன்றை மட்டும் வைத்தும் வாசிக்கலாம். அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்தர் பியாசோலாவின் ‘நான்கு பருவங்கள்’ என்ற படைப்பைச் செல்லோ கலைஞர் ஹோசே பிராகாத்தோ அப்படித்தான் அமைத்திருக்கிறார். ஆனால் அதில் செல்லோ ஒரு நேரம் பேஸாகவும் மறு நேரம் பாடகனாகவும் மாற வேண்டியிருக்கிறது, பியானோவுக்கும் சுமை கூடுகிறது. முதல் முயற்சிக்கு அந்த அமைப்பை நான் பரிந்துரைப்பதில்லை.

பண்டோனியன் (அக்கார்டியனைப் போன்ற, பொத்தான்கள் கொண்ட துருத்தி இசைக்கருவி) கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வேலை நின்றுவிடாது. அதைப் பற்றி ஒன்பதாம் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

ஒரு மெட்ரோனோம், ஒலிப்பதிவு செய்ய ஒரு கைபேசி, எல்லோர் கையிலும் பென்சில் ஆகியவை வேண்டும். பென்சில் எதற்கு என்பது நான்காம் பகுதியில் தெரியும்.

2. முதல் உருப்படியைத் தேர்ந்தெடுத்தல்

ஏறத்தாழ எல்லாப் புதிய குழுக்களும் பியாசோலாவில் தொடங்க விரும்புகின்றன. காரணம் புரிகிறது: அவருடைய இசை அச்சில் கிடைக்கிறது, எல்லாம் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது, கேட்பவர்களுக்கும் பழக்கமானது. ஆனால் அவர் இளமையில் அனிபால் த்ரோய்லோவின் குழுவில் பண்டோனியன் வாசித்தவர். நடன டாங்கோவின் வழக்கங்கள் வாசிப்பவர் கையில் ஏற்கெனவே இருக்கின்றன என்று எண்ணித்தான் அவருடைய எழுத்து நகர்கிறது. அந்த வழக்கங்கள் இல்லாதவர் வாசித்தால், எழுதியிருப்பது அத்தனையும் சரியாக ஒலிக்கும், டாங்கோ மட்டும் வராது.

ஆகவே பழைய, எளிய நடன டாங்கோ ஒன்றை எடுங்கள். ஆங்ஹெல் வியோல்தோவின் ‘எல் சோக்லோ’ என் முதல் தேர்வு. பகுதிகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன, முதல் பகுதி டி மைனரில் இருப்பதால் தந்திக் கருவிகளுக்குக் கையடக்கமானது, மெட்டு எளிது. வியோல்தோ 1919-இல் இறந்தவர் என்பதால் அவருடைய இசையை உங்கள் குழுவுக்கேற்ப மாற்றி எழுதுவதில் உரிமைச் சிக்கல் எழுவதில்லை. பிறர் அண்மையில் எழுதிய அமைப்பை எடுத்தால் அதற்கு மட்டும் அனுமதி வேண்டும். 1992-இல் மறைந்த பியாசோலாவின் படைப்புகளுக்கோ பதிப்புரிமை நடப்பில் இருக்கிறது. அவற்றைக் கருவி மாற்றி எழுதுவதற்கும் பதிப்பாளரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

வேகம் பற்றி ஒரு சொல்: நடன டாங்கோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடிகள் வரை ஓடும், ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு அடி. பழைய அச்சுப் பிரதிகளில் இதே இசை இரண்டு அடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; இந்த வழிகாட்டி முழுவதும் நான்கு அடிக் கணக்கையே பின்பற்றுகிறேன்.

3. ஒரே உருப்படியை நான்கு குழுக்களின் வாசிப்பில் கேட்டல்

கருவியை எடுப்பதற்கு முன் குழுவாக உட்கார்ந்து கேட்க வேண்டும். பழைய டாங்கோவின் அச்சுப் பிரதி பெரும்பாலும் பியானோவுக்கான வெறும் எலும்புக்கூடு. சுரத்தின் நீளம், அழுத்தம், இடை நிரப்பல் எதுவும் அதில் இருப்பதில்லை. அவை பதிவுகளில்தான் இருக்கின்றன.

‘லா கும்பர்சீத்தா’ என்ற புகழ்பெற்ற டாங்கோவை ஹுவான் தாரியென்சோ, கார்லோஸ் தி சார்லி, த்ரோய்லோ, ஒஸ்வால்தோ புக்லியேசே ஆகிய நால்வரின் குழுக்களும் பதிவு செய்திருக்கின்றன. நான்கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் முறை கேட்கும்போது மெட்டை முற்றிலும் விட்டுவிட்டு, பேஸும் பியானோவின் இடது கையும் என்ன செய்கின்றன என்பதை மட்டும் பின்தொடருங்கள். தாரியென்சோவிடம் நான்கு அடிகளும் வெட்டி வெட்டி விழுகின்றன. தி சார்லியிடம் வயலின்கள் நீண்டு பாட, அடியில் பியானோ கனமாக நடக்கிறது. புக்லியேசேயிடம் தாளம் நிற்பதும் தள்ளிக்கொண்டு எழுவதுமாக இருக்கிறது.

கேட்டு முடித்ததும் உங்கள் குழு எந்த வழியில் போகப்போகிறது என்பதை முடிவு செய்துவிடுங்கள். தாரியென்சோவின் அடியும் புக்லியேசேயின் நெகிழ்வும் ஒரே உருப்படியில் கலந்தால் இரண்டுமே கெடும். புதியவர்களுக்கு தி சார்லியின் வழி ஏற்றது என்பது என் கருத்து. வேகம் மிதமானது, ஒவ்வொரு சுரமும் தனியாகக் காதில் விழும், செவ்வியல் கலைஞரின் நீண்ட வில்லுக்கும் அதில் இடமுண்டு.

4. இசைப்பிரதியில் பகுதிகளைக் குறித்தல்

டாங்கோவில் ஒவ்வொரு சொற்றொடரும் இரண்டில் ஒரு குணத்தில் இருக்கும். ஒன்று தாளக்குணம்: சுரங்கள் குறுகியவை, நேரம் கறாரானது, எல்லோரும் ஒன்றாக வெட்டுவார்கள். மற்றது பாடும் குணம்: மெட்டு நீளும், நெகிழும், அடித்தளம் அதைத் தாங்கி நிற்கும். எட்டு பார்களுக்கு ஒரு முறையோ அதற்கும் முன்பாகவோ இந்தக் குணம் மாறும். பார்வையாளரைப் பிடித்து வைப்பதும் இந்த மாற்றம்தான்.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொற்றொடரின் மேலும் ‘தா’ அல்லது ‘பா’ என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத குழுவில், ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது மற்றவர் வெட்டுவார். ஒத்திகை ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே வாக்குவாதம் நடக்கும். எந்த இடத்தில் யார் மெட்டு, யார் எதிர்மெட்டு, யார் அடித்தளம் என்பதையும் இப்போதே குறித்துவிட வேண்டும். மூன்று பேர் ஒரே சமயத்தில் மெட்டு வாசிப்பதாக எழுதியிருந்தால் ஒருவரையாவது அடித்தளத்துக்கு மாற்றுங்கள்.

5. மர்காத்தோ: அடித்தளம் மட்டும்

முதல் ஒத்திகை பேஸுக்கும் பியானோவுக்கும் உரியது. மற்றவர்கள் வந்தால் உட்கார்ந்து கேட்கட்டும்.

மர்காத்தோ என்பது ஒரு பாரின் நான்கு அடிகளையும் ஊன்றி வாசிப்பது. முதல், மூன்றாம் அடிகளில் கனம் கூடும். இரண்டும் நான்கும் சற்று இலேசானவை. முதலும் மூன்றும் மட்டும் ஒலிக்கும் வகையும் உண்டு. ஒவ்வொரு சுரமும் எழுதிய நீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கே ஒலித்து நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் ஆடுபவரின் கால் நகர்கிறது. இடைவெளியை நிரப்பிவிட்டால் இசை கனமாவதற்குப் பதிலாகத் தொங்கிப்போகிறது.

பேஸ்காரர் வில்லின் அடிப்பகுதியில், கையின் எடையைத் தந்தியின் மேல் முதலில் வைத்துவிட்டுப் பின்னரே இழுக்க வேண்டும். வில் தந்தியை விட்டு எழக் கூடாது. செவ்வியல் பழக்கத்தில் ‘குறுகிய சுரம்’ என்றதும் கை தானாகவே துள்ளும் வில்லுக்குப் போய்விடுகிறது. அது மொட்ஸார்ட்டுக்கு அழகு, இங்கே அடித்தளத்தைக் காற்றில் தூக்கிவிடும். கடித்து, உடனே விடுவித்து, தந்தியின் மேலேயே காத்திருப்பதே முறை.

பியானோக்காரர் பெடலை முற்றிலும் விட்டுவிட்டு இடது கையில் எட்டுச்சுர இடைவெளி இரட்டைகளை வாசிக்கட்டும். பெடல் இல்லாதபோது கை எவ்வளவு சோம்பலாகத் தூக்குகிறது என்பது தெளிவாகக் கேட்கும். இருவரும் ஒரே கருவிபோல ஒலிக்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மெட்ரோனோமை ஒவ்வோர் அடிக்கும் ஒலிக்க வைக்காமல், பாருக்கு இரண்டு முறை, முதல் மூன்றாம் அடிகளில் மட்டும் ஒலிக்க வையுங்கள். நான்கு அடிக்கும் ஒலி வந்தால் வாசிப்பவர் அதன் மேல் சாய்ந்துகொள்கிறார்; இரண்டு மட்டும் வந்தால் இடைப்பட்டதைத் தானே தாங்கக் கற்கிறார்.

6. அர்ராஸ்த்ரே: அடிக்கு முன் வரும் இழுப்பு

வலுவான அடிக்குச் சற்று முன்பிருந்து ஒலி ஊர்ந்து எழுந்து அடியில் போய் முட்டுவதே அர்ராஸ்த்ரே. பேஸில் இடது விரல் கீழிருந்து வழுக்கி மேலே வரும், வில் மெதுவாகத் தொடங்கி அடியை நெருங்கும்போது வேகமும் எடையும் கூடும். பியானோவில் இடது கை அரைச்சுரங்களாகச் சிலவற்றை விரைந்து தடவி ஏறும். பண்டோனியனில் அதே சுரத்தின் மேல் காற்றழுத்தம் பெருகும்.

இழுப்பு முந்தைய நான்காம் அடியின் பின்பாதியில் தொடங்க வேண்டும். அடி மட்டும் தன் இடத்தில் விழ வேண்டும். புதியவர்கள் ஏறத்தாழ அனைவரும் செய்யும் பிழை, இழுப்பை அடி இருக்க வேண்டிய இடத்தில் தொடங்கி அடியையே தள்ளிப்போடுவது. பதிவு செய்து மெட்ரோனோமுடன் கேட்டால் உடனே பிடிபடும். இரண்டாவது பிழை ஒலி அளவில் வருவது: வழுக்கல் உரக்கவும் அடி மெலிந்தும் முடிகிறது. வழுக்கல் ஏறக்குறையக் கேட்காமல் தொடங்கி அடியில் வெடிக்க வேண்டும்.

இழுப்பை எல்லா அடிக்கும் போடாதீர்கள். சொற்றொடரின் தொடக்கம், குணம் மாறும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்தால் போதும்.

புக்லியேசேயின் பெயரோடு சேர்ந்துவிட்ட ‘யும்பா’ இதன் முதிர்ந்த வடிவம். முதல், மூன்றாம் அடிகள் இழுப்போடு கூடிய பெரும் அழுத்தம். இரண்டிலும் நான்கிலும் பியானோவின் மிகத் தாழ்ந்த ஒரு சுரம் மெல்ல ஒலிக்கும். கேட்கும்போது எளிதாகத் தோன்றினாலும், சாதாரண மர்காத்தோ உறுதியாகாத குழு இதைத் தொட்டால் வேகம் பாருக்குப் பார் இறங்கும். இரண்டாவது உருப்படிக்கு ஒத்திவைப்பது நல்லது.

7. சின்கோபாவும் 3-3-2 பிரிவும்

மர்காத்தோவை இடையிடையே முறிப்பது சின்கோபா. எளிய வடிவில், முதல் அடியில் ஒரு குறுஞ்சுரம், அதன் பின்பாதியில் அழுத்தமான ஒரு நெடுஞ்சுரம், இரண்டாம் அடியின் பின்பாதியில் மீண்டும் ஒரு குறுஞ்சுரம், பிறகு மூன்றும் நான்கும் வழக்கம்போல. முந்தைய பாரின் இறுதியிலிருந்தே இழுத்துக்கொண்டு வந்து, முதல் அடியைத் தனியாக அடிக்காமல் நேராக அந்த நெடுஞ்சுரத்தில் இறங்கும் வகையும் உண்டு. எழுதிய பிரதியில் பெரும்பாலும் முதல் வகையே இருக்கும். பதிவில் இரண்டாவது ஒலித்தால் பதிவையே நம்புங்கள்.

அழுத்தம் அரை அடியில் விழுவதால் செவ்வியல் கலைஞர்கள் அதை ஜாஸ் போல ஊசலாட்டிவிடுவார்கள். டாங்கோவில் அரை அடிகள் சமமானவை. அழுத்தம் மட்டும் இடம் மாறுகிறது, நேரம் மாறுவதில்லை.

ஒரு பாரின் எட்டு அரை அடிகளை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பது பியாசோலாவிடம் இடைவிடாமல் வரும் அமைப்பு, டாங்கோவின் உறவினமான மிலோங்கா என்ற நடன இசையிலிருந்து வந்தது. சொல்லுக்கட்டு அறிந்த தமிழ் வாசகருக்கு இது கடினமில்லை: ‘தகிட தகிட தக’ என்று கையில் நான்கு தட்டு வைத்தபடி சொல்லிப் பார்த்தால் அமைப்பு வாயில் நிற்கும். தட்டை விட்டுவிட்டுச் சொல்லுக்கட்டை மட்டும் சொன்னால் பயன் பாதிதான், ஏனென்றால் நான்கு அடியோடு அது மோதும் இழுபறியே இந்த அமைப்பின் உயிர். கடைசி ‘தக’வை அவசரப்படுத்துவது பொதுவான பிழை, அடுத்த பார் சீக்கிரம் வந்துவிடும், நான்கு பார்களுக்குள் வேகம் ஏறிவிடும்.

8. ஃப்ரசேயோ: மெட்டை நெகிழ்த்துதல்

இங்கேதான் அதிக நேரம் செலவாகும். டாங்கோ மெட்டை எழுதியபடி சமமான அரை அடிகளாக வாசிப்பதில்லை. சொற்றொடரின் ஓரிடத்தில் தங்கி, மற்றோரிடத்தில் கூட்டிச் சேர்த்து, அடித்தளத்தோடு மீண்டும் சந்திக்கும் புள்ளியில் சரியாக வந்து இறங்குவது ஃப்ரசேயோ. செவ்வியல் ரூபாட்டோவில் குழு முழுவதும் சேர்ந்து தயங்குவதும் விரைவதும் உண்டு. இங்கே பாடும் பகுதிகளில் மெட்டு மட்டும் நெகிழ, அடித்தளம் நடந்துகொண்டே இருக்கும். புக்லியேசே வழியில் அடித்தளமும் சேர்ந்து நெகிழும், ஆனால் அது பின்னால் வர வேண்டிய பாடம்.

பயிற்சியை இவ்வாறு அமையுங்கள். இரண்டு பார் நீளமுள்ள ஒரு சொற்றொடரை எடுத்து, அதன் முதல் சுரமும் கடைசிச் சுரமும் விழும் அடிகளை வட்டமிடுங்கள். அந்த இரண்டும் அசையா. இடையில் உள்ளவற்றை முதலில் சமமாக வாசியுங்கள். பிறகு தொடக்கத்தில் அரை அடி காத்திருந்து, இழந்த நேரத்தை நடுவில் ஈடு செய்து, இறுதிப் புள்ளிக்குச் சரியாக வாருங்கள். அடுத்து நேர்மாறாக, விரைந்து தொடங்கி இறுதிக்கு முன் தங்குங்கள். பேஸும் பியானோவும் இத்தனைக்கும் அசையாமல் மர்காத்தோ வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல பேஸ்காரர்கூட மெட்டுக்குக் காத்திருந்துவிடுவார். மற்ற இசையில் அதுதான் பண்பாடு, இங்கே பிழை.

வாயால் பாடிப் பார்ப்பது பேருதவி. பாடல் வரிகள் உள்ள டாங்கோவாக இருந்தால் கார்லோஸ் கார்தெல் போன்ற பாடகரின் பதிவைக் கேட்டு, ஸ்பானிய அசைகள் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று கவனித்து அதையே கருவியில் தேடலாம்.

இரண்டு கருவிகள் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் ஒருவர் முன்னோடி, மற்றவர் அவர் வில்லைப் பார்த்துத் தொடர்பவர். இருவரும் தனித்தனியே நெகிழ்த்தினால் சேறாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நெகிழ்வைப் பென்சிலால் சுர நீளங்களாகவே எழுதிவிடுவது கோழைத்தனம் அல்ல. தொழில்முறைக் குழுக்களும் அதைச் செய்கின்றன.

‘தா’ என்று குறித்த இடங்களில் ஃப்ரசேயோ கூடாது. ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் வேகத்தைத் தளர்த்தும் செவ்வியல் வழக்கத்தையும் கைவிட வேண்டும். வயலினில் தொடர் விப்ராட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை அதிரச் செய்வது) வேண்டாம். நீண்ட சுரம் நேராகத் தொடங்கி, பிற்பாதியில் அதிரட்டும்.

9. பண்டோனியனோடு அல்லது அது இல்லாமல்

பண்டோனியன்காரர் உங்கள் குழுவில் இருந்தால் மூன்றை அறிந்திருங்கள். அதன் சுருதியை மேடையில் மாற்ற முடியாது. பியானோவை அதற்கு ஏற்பச் சுருதி சேர்க்க முடியுமா என்று அரங்கத்தாரிடம் முன்பே கேட்க வேண்டும். இரண்டாவதாக, டாங்கோக்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் வகையில் ஒரே பொத்தான் துருத்தியைத் திறக்கும்போது ஒரு சுரமும் மூடும்போது வேறு சுரமும் தரும். வலுவான சொற்றொடரைத் திறந்தபடி வாசித்துவிட்டு, கட்டைவிரல் நெம்புகோலால் காற்றை வெளியேற்றி விரைவாக மூடுவார்கள். அதற்கு ஒரு மூச்சளவு நேரம் வேண்டும். இசையமைப்பில் அந்த இடைவெளியை விட்டுவையுங்கள். மூன்றாவது, ஒலி இரு பக்கங்களிலும் வெளிவருவதால் அவரைச் சுவரோரமாக உட்கார வைக்க வேண்டாம்.

பண்டோனியன் இல்லாவிட்டால் அதன் வரிகளைக் கிளாரினெட், வியோலா, அக்கார்டியன் ஆகியவற்றில் ஒன்றுக்குத் தரலாம். அக்கார்டியன் என்றால் நடுங்கும் ஒலி தரும் ரெஜிஸ்டரை (ஒலியை மாற்றும் விசையை) அணைத்துவிட்டு, எட்டுச்சுர இடைவெளியில் இரண்டு உலோக நாக்குகள் மட்டும் ஒலிக்கும் ரெஜிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பண்டோனியனின் ஒவ்வொரு சுரமும் அப்படித்தான் ஒலிக்கிறது. நடுக்கம் கலந்தால் இசை பிரெஞ்சு அக்கார்டியன் பாணியாகி, பாரிஸுக்குப் போய்விடும்.

10. சிறப்பொலிகள்

எல்லோரும் காத்திருந்த பகுதி இது. சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இவை ஒரு மாலையில் கற்கக்கூடியவை.

சிச்சர்ரா: வயலினில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சிறு மரப்பாலத்துக்கு) பின்புறம், வால்பலகையை ஒட்டி நூல் சுற்றிய இடத்தில், டி தந்தியின் மேல் வில்லின் அடிப்பகுதியால் அழுத்திக் கீறுவது. சிள்வண்டு போன்ற தாள ஒலி வரும். லாத்திகோ: மேல் தந்தியில் விரலை வேகமாக மேலே வழுக்கிச் சாட்டையடி போன்ற ஒலி எழுப்புவது. தம்போர்: இடது கை நகம் தந்தியின் பக்கவாட்டில் உரச, வலது கையால் மீட்டி முரசொலி பெறுவது. பேஸ்காரரும் செல்லோக்காரரும் கருவியின் உடலில் தட்டுவதும் உண்டு.

இவை அலங்காரம் அல்ல, முரசுக்குப் பதிலாக வருபவை. ஆகவே தாளக்குணமுள்ள பகுதிகளில், மர்காத்தோவின் மேல், கறாரான நேரத்தில் மட்டுமே இடம்பெற வேண்டும். சிச்சர்ராவுக்கு விலை குறைந்த இரண்டாவது வில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தட்டும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மேற்பலகையைத் தவிர்த்துப் பக்கச் சட்டத்தில் விரல் நுனியால் தட்டுங்கள்.

11. முடிவு

பெரும்பாலான டாங்கோக்கள் இரண்டு அடிகளில் முடியும்: ஐந்தாம் சுர நாதக்கட்டு, பிறகு ஆதாரச் சுர நாதக்கட்டு. புதிய குழுக்கள் இரண்டையும் சம வலுவில், சேர்ந்து தளர்ந்து, செவ்வியல் முடிவுபோல் ஓங்கி வாசிக்கின்றன. முதல் அடி வலுவானது, நேரத்தில் விழ வேண்டும், இரண்டாவது மெலிந்தது. புக்லியேசேயின் பதிவுகளில் அந்த இரண்டாவது தாமதமாக, கேட்டும் கேட்காமலும் வரும். இதைத் தனியே பத்து முறை ஒத்திகை பாருங்கள். அதற்கு முன் வேகத்தைக் குறைக்க வேண்டாம். இறுதி பாருக்கு முந்தைய பார் வரை நடை மாறாது.

12. மேடை அமைப்பும் நடனக்காரர்களுக்கு வாசிப்பதும்

பேஸ்காரர் பியானோக்காரரின் இடது கையைப் பார்க்கும் இடத்தில் நிற்க வேண்டும். மற்ற எல்லோரின் இடமும் அதற்குப் பிறகுதான் முடிவாகும். தொடக்கக் குறிப்பைத் தருபவர் அடித்தளத்தில் இருப்பவராக இருந்தால் நல்லது. முதல் வயலின் தன் மூச்சால் தொடங்கும் நால்வர் குழு வழக்கம், நெகிழும் மெட்டோடு அடித்தளத்தையும் சேர்த்து இழுத்துவிடுகிறது.

கச்சேரி அரங்குக்கும் நடனக் கூடத்துக்கும் ஒரே நிகழ்ச்சி நிரல் பொருந்தாது. நடனக் கூடங்களில் மூன்று அல்லது நான்கு உருப்படிகளை ஒரே வகையில், ஒரே குணத்தில் அடுத்தடுத்து வாசித்த பிறகு சிறு இடைவெளி விடுவது வழக்கம், ஏனெனில் ஒரு இணை அந்தத் தொகுதி முழுவதும் சேர்ந்தே ஆடும். தொகுதிக்குள் டாங்கோ, வால்ஸ், மிலோங்கா மூன்றையும் கலக்க வேண்டாம். பேசி விளக்கம் சொல்வதையும் இடைவெளிக்கு ஒதுக்குங்கள். பியாசோலாவின் கச்சேரிப் படைப்புகளை அங்கே வாசித்தால் பெரும்பாலோர் ஆடாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அழைத்தவரிடம் கேட்டுவிட்டு நிரலில் சேர்ப்பது நல்லது.